நம்ம ஊர் வெயிலில் பசுமைக்குடில் போட நினைப்பவர்களுக்கு

பத்துக்கு இருபது அடியில் ஒரு பசுமைக்குடில். அதை எழுப்ப முதலில் போனது 6,400 ரிங்கிட். ஒரு மாலை நேரக் காற்றில் கூரை கிழிந்து போனபின் திரும்ப எழுப்ப 2,300. நடுவில் செத்துப்போன நாற்று, வீணாய்ப் போன உரம், மோட்டார், வாங்கி மூலையில் போட்ட சாமான் எல்லாம் சேர்த்தால் இன்னொரு ஆயிரம் தாராளமாக வரும். இன்றைக்கு அதே குடிலிலிருந்து வீட்டுக்குத் தேவையான கீரை, மிளகாய், வெள்ளரி எல்லாம் வாரம் தவறாமல் கிடைத்துவிடுகின்றன. ஆனால் இந்த நிலைக்கு வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலம் முழுக்க, கேட்டுத் தெரிந்துகொள்ள பக்கத்தில் ஒருத்தர்கூட இல்லை. பார்த்த வீடியோக்கள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை, இல்லாவிட்டால் கேமரன் மலையில் எடுத்தவை. எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி, தாப்பா, பீடோர், பஹாவ், பந்திங் மாதிரி, செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே வெந்துகொண்டிருக்கும் ஊர்களில் வீட்டோடு ஒரு குடில் போட நினைக்கிறவர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆசை வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. கிளினிக்கில் தாதி ஒரு படத்தைக் காட்டி, தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும், கால் பங்குதான் சோறு, மிச்சக் கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ என்று விளக்கினார். கேட்க எளிதாக இருக்கிறது. மூன்று பேருக்கு இரண்டு வேளையும் பாதித் தட்டு காய்கறி வாங்கிப் பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு காசு என்று. வருஷக் கடைசி மழையில் கேமரனிலிருந்து வரும் வரத்து குறைந்து, தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் நடுவில் மிளகாயும் சாவிக் கீரையும் விலை ஏறுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. விலை போகட்டும் என்றாலும், பாசார் மாலாமில் வாங்கும் கீரைக்கு என்ன மருந்து அடித்தார்கள், அடித்து எத்தனை நாள் கழித்து அறுத்தார்கள் என்று யாரைக் கேட்பது? அம்மா பால்வெட்டுக்குப் போன காலத்தில் லயத்துக்குப் பின்னால் கீரை, கத்தரி, பயத்தங்காய் எல்லாம் போட்டிருந்தார். காய்கறிக்குக் காசு கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபின் எங்களுக்குக் கிடைத்தது ஓரத்து வீடு. பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது, ஆனால் லோரியில் கொண்டுவந்து கொட்டி அமுக்கிய செம்மண். மண்வெட்டி இறங்காது.

2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கைத் திறந்தார்கள் அல்லவா, அதிலிருந்து பணத்தை எடுத்தேன். என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில்தான். நான் தோட்டத்து ஆபீஸில் கிராணி. அதனால் இது முழுக்க முழுக்க என் தலையில் விழுந்த வேலை. குடில் போட வந்த பையன் நன்றாகப் பேசினான். "அக்கா, கேமரன்ல இதே மாதிரிதான் நூத்துக்கணக்கில போட்டுக் கொடுத்திருக்கோம், ஒண்ணும் ஆகாது" என்றான். பக்கச் சுவர் ஆறரை அடி, வளைந்த கூரை, மேலிருந்து கீழ் வரை பிளாஸ்டிக், ஒரு கதவு, இரண்டு பக்கமும் சுருட்டிவிடும் சிறிய சன்னல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கேமரனில் அது சரியாகவே வேலை செய்யும். பிரிஞ்சாங் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இரவில் பதினைந்து பதினாறு டிகிரிக்கு இறங்கும் இடம். எங்கள் ஊரில் பகலில் 33, விடியற்காலையில்கூட 23, 24க்குக் கீழே இறங்குவது அரிது. இந்த ஒரு வித்தியாசத்துக்குள்தான் என் பணம் எல்லாம் போனது.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 43 காட்டியது. அம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மனுஷாளே நிக்க முடியலையேம்மா, செடி எப்படி நிக்கும்?" என்றார். நாற்றுகள் காலையில் நிமிர்ந்து நிற்கும், பத்தரை மணிக்குத் துவண்டுவிடும், மாலையில் பாதிதான் எழும். நான் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்ற, வேர் அழுக ஆரம்பித்தது. சூட்டில் துவளும் செடிக்கும் தாகத்தில் துவளும் செடிக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் துவண்டிருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காற்றுக்குத்தான் வழி செய்ய வேண்டும்.

குடில் என்பதே குளிர் நாட்டில் வெயிலின் சூட்டைப் பிடித்து உள்ளே அடைத்து வைக்கக் கண்டுபிடித்தது. நமக்குச் சூட்டுக்கு என்ன பஞ்சம்? நம் ஊரில் செடிக்கு எதிரி இரண்டு பேர்தான்: மழையும் பூச்சியும். தீபகற்ப மலேசியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அந்த அடியில் சாவி இலை கிழிகிறது, மண் தெறித்து இலையில் பட்டு பூஞ்சை ஏறுகிறது, போட்ட உரம் கரைந்து சாக்கடைக்குப் போகிறது. ஆகவே நமக்கு வேண்டியது மழை மேலே விழாத, பூச்சி உள்ளே வராத, ஆனால் காற்று நிற்காமல் ஓடுகிற கூடாரம். செர்டாங்கில் இருக்கும் மார்டி போன்ற ஆராய்ச்சி நிலையங்கள் சமவெளிக்குப் பரிந்துரைப்பதும் இந்த மழைக்காப்புக் கூரையைத்தான். விவசாய இலாகாவின் மாவட்ட ஆபீஸில் போய்க் கேட்டால் படம் காட்டி விளக்குகிறார்கள், ஒரு சென் செலவில்லை. கட்டுமானத்துக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் அங்கே போய் வந்துவிடுங்கள் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது இருக்கும் குடிலின் அளவைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவர் ஒன்பது அடி, முகடு பன்னிரண்டு அடி. நான்கு பக்கமும் பிளாஸ்டிக் கிடையாது, முழுக்க வலை. முகட்டில் ஒரு அடி அகலத்துக்குத் திறந்துவிட்டு, அதற்கு மேல் குல்லா மாதிரி இன்னொரு சின்னக் கூரை. சூடான காற்று மேலே ஏறி அந்த இடைவெளி வழியாகப் போய்விடும், கீழே வலை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். மின்விசிறி எதுவும் இல்லை. இப்போது மத்தியானத்தில் வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதல். கூரைக்குப் போடும் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும், 180 மைக்ரான் தடிமன் போதும். சாதாரணப் பிளாஸ்டிக்கும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், விலை பாதி. ஆனால் நம் வெயிலில் ஒரு வருஷத்தில் அப்பளமாக உடைந்துவிடும். சுருளின் ஓரத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

புயல் கதைக்கு வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். அப்படி ஒரு மாலை. நான் ஆபீஸில் இருந்தேன், அம்மா போன் போட்டார். வந்து பார்த்தபோது கூரைப் பிளாஸ்டிக் பாதி கிழிந்து பக்கத்து வேலியில் கிடந்தது. ஒரு பக்கக் குழாய்கள் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாய்ந்திருந்தன. எல்லாக் குழாயையும் ஒரு அடி ஆழத்துக்குத்தான் அடித்திருந்தான் அந்தப் பையன், சிமெண்டு இல்லை. பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டாமல் கிளிப்பு மட்டும் மாட்டியிருந்தான். தொங்கலான இடத்தில் தண்ணீர் தேங்கி, பாரத்தில் தொப்பை மாதிரி இறங்கி, காற்று வந்தபோது அங்கேதான் முதலில் கிழிந்திருக்கிறது. மிளகாய்ச் செடிகள் அப்போதுதான் பூக்க ஆரம்பித்திருந்தன, அத்தனையும் ஒடிந்து கிடந்தன. அன்றிரவு சமைக்கக்கூட முடியவில்லை. வீட்டுக்காரர் ஜோகூரில் இருந்தார். போனில் அழுதேன், வேறென்ன செய்ய. அவர் நல்ல மனுஷன், "போனா போகுது, நீ சாப்பிடு" என்றார். ஆனால் போனது என் சேமநிதிக் காசு. அந்த எலும்புக்கூட்டைப் பார்க்கவே பிடிக்காமல் பல வாரம் அந்தப் பக்கச் சன்னலை மூடியே வைத்திருந்தேன்.

பையன் போனை எடுக்கவில்லை. பிறகு எண்ணே மாறிவிட்டது. நம் நாட்டில் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனு போட 5 ரிங்கிட்தான் கட்டணம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் யார் மேல் போடுவது? ரசீதில் கம்பெனி பதிவு எண் இல்லை, முகவரி இல்லை, ஒரு போன் எண்ணும் கையெழுத்தும் மட்டும்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன் கம்பெனிப் பதிவு எண்ணைக் கேளுங்கள். குழாய் எத்தனை அடி மண்ணுக்குள் போகும், சிமெண்டு உண்டா, பிளாஸ்டிக் என்ன தடிமன், வலை எத்தனை மெஷ் (அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்), காற்றில் கிழிந்தால் எவ்வளவு நாளுக்குள் வந்து சரி செய்வார் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர முகம் சுளிக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

கடைசியில் கை கொடுத்தது டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தவுக்கே. பழைய குழாய்களையே நிமிர்த்தி, துண்டு வைத்து உயரத்தைக் கூட்டி, வெல்டிங் ஆளையும் அவரே பிடித்துக் கொடுத்தார். இந்தத் தடவை இரண்டு அடிக் குழி, சிமெண்டு. பிளாஸ்டிக்கைப் பிடிக்க அலுமினியச் சட்டமும் அதற்குள் நெளி நெளியாகச் செருகும் கம்பியும். அந்தக் கம்பிதான் முக்கியம். மேளத் தோல் மாதிரி விறைப்பாக நிற்கிறது, தண்ணீர் தேங்குவதே இல்லை. கூடவே மழைநீர்க் காலுவாயும் போட்டோம். முதல் குடிலில் அது கிடையாது. இருநூறு சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணீர் ஒரே ஓரமாக இறங்கும். அத்தனையும் பக்கத்து வீட்டு அண்ணன் பைக் நிறுத்தும் இடத்துக்குப் போய், அவர் முகம் கோணி, பல நாள் பேச்சில்லாமல் இருந்தது. இப்போது அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. தொட்டிக்கு மூடியும் வலையும் கட்டாயம் போடுங்கள். கொசுப் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. அதைவிட, டெங்கி வந்தால் யாருக்கு வரும்? முதலில் நம் வீட்டுக்குத்தான். அப்புறம், சிமெண்டுக் கால் போட்ட எதையும் 1974ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் கட்டடமாகப் பார்க்கக் கூடும். நகராட்சியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வடிகாலுக்கு விட்ட இடத்தில் கை வைக்காதீர்கள்.

பூச்சியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலை போட்டாலே பூச்சி வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது பாதிதான் உண்மை. கடையில் மலிவாகக் கிடைக்கும் 32 மெஷ் வலையில் வண்டும் பட்டாம்பூச்சியும் நிற்கும், வெள்ளை ஈ நுழைந்துவிடும். மிளகாய்க்கு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது அந்த ஈதான், வைரஸ் வந்த செடிக்கு மருந்தே இல்லை, பிடுங்கிப் பையில் கட்டிப் போட வேண்டியதுதான். 50 மெஷ் வலை வேண்டும். அது காற்றையும் தடுக்கும், அதனால்தான் சுவர் உயரமும் முகட்டுத் திறப்பும் அவ்வளவு முக்கியம். இன்னொன்று, மிளகாய் இலை சுருண்டால் உடனே வைரஸ் என்று பயந்து பிடுங்கிவிடாதீர்கள். ஒரு கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்து, அடியில் வெள்ளிப் பூச்சாகக் கீறல் தெரிந்தால் அது இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, இலை குறுகி நீண்டு, அடிப்புறம் பழுப்பாக மினுங்கினால் அது சிலந்திப் பேன்; கண்ணுக்குத் தெரியாது, பூதக் கண்ணாடி வேண்டும். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி, இரண்டு சொட்டு சவர்க்காரம், மாலையில் அடிப்புறமாக. சிலந்திப் பேனுக்குத் தண்ணீரில் கலக்கும் நனையும் கந்தகத் தூள், ஆனால் வெயிலில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடித்த பிறகு இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும். மேல் மடிப்பா கீழ் மடிப்பா என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டபின் என் மருந்துச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது.

மண்ணிலும் ஒரு பெரிய அடி வாங்கினேன். ஆற்றங்கரையிலிருந்து நல்ல கறுப்பு மண் என்று ஒரு லோரி இறக்கி, அதில் கத்தரியும் தக்காளியும் வைத்தேன். செழிப்பாக வளர்ந்த செடி ஒரு நாள் காலையில் பச்சையாகவே தொங்கியது, இலை மஞ்சளாகக்கூட இல்லை. இரண்டே நாளில் செத்துப்போனது. விவசாய இலாகா அதிகாரி ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: தண்டின் அடிப்பகுதியை நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள் என்றார். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி ஒரு மெல்லிய இழை கீழே இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் பல வருஷம் உயிரோடு இருக்கும், மருந்து கிடையாது, கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் தாக்கும். அந்த மண்ணை முழுக்க வெளியே தள்ளிவிட்டு, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளுக்கு மாறினேன். நார்த்தூளை வாங்கியதும் செடி வைக்கக் கூடாது. அதில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, வடியும் தண்ணீரின் பழுப்பு நிறம் தெளியும் வரை அலச வேண்டும். கத்தரிக்கு இப்போது சுண்டைக்காய் நாற்றின் மேல் ஒட்டுக் கட்டுகிறேன், சுண்டை வேர் இந்த நோய்க்கு அவ்வளவாக மசியாது. உரம் ஏ, பி என்று இரண்டு டின்னாகக் கரைப்பது. இரண்டு கெட்டிக் கரைசலையும் நேரடியாகக் கலந்துவிட்டால், ஏவில் இருக்கும் கால்சியம் பியில் இருக்கும் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி கீழே படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டியில் ஒன்றை ஊற்றிக் கலக்கி, பிறகு மற்றதை ஊற்ற வேண்டும். உரச் செறிவைப் பார்க்கும் EC மீட்டர் ஐம்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, அதில் நாற்றுக்கு 1.0 (mS/cm) அளவில் ஆரம்பித்து காய்க்கிற மிளகாய்க்கு 2.0க்கு மேல் கொண்டுபோகிறேன்.

பையில் வளர்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு. மேலே கூரை, கீழே பை. நாம் கொடுக்காவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. தீபாவளிக்குக் கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். இடி இடித்து வீட்டு மின்சாரம் தானாக விழுந்துவிட்டது, மழைக்காலத்தில் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். மோட்டார் ஓடவில்லை. வந்து பார்த்தால் எல்லாம் சருகு. ஒரு வளர்ந்த மிளகாய்ச் செடி ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும், இரண்டு நாள் தாங்காது. இப்போது மோட்டாரை நம்புவதில்லை. தொட்டியை நான்கு அடி மேடையில் ஏற்றி, சொட்டுக் குழாயில் தானாக இறங்கும்படி வைத்திருக்கிறேன், பேட்டரியில் ஓடும் டைமர். அதிலும் ஒன்று கவனியுங்கள்: உயரத்திலிருந்து மட்டும் வரும் தண்ணீருக்குப் பந்து வால்வு உள்ள டைமர்தான் வேலை செய்யும். இன்னொரு வகைக்குப் பைப்புத் தண்ணீரின் அழுத்தம் இருந்தால்தான் சரியாகத் திறக்கும். எனக்கு முதலில் கொடுத்தது அந்த வகை, 80 ரிங்கிட் தண்டம்.

வருஷம் முழுக்க என்ன விளையும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. பெரிய தக்காளி, சாலட் இலை, ஸ்ட்ராபெரி ஆசையை நம் ஊரில் விட்டுவிடுங்கள். இரவுச் சூடு நன்றாக இறங்காவிட்டால் பெரிய தக்காளியில் பூ உதிரும், எவ்வளவு உரம் போட்டாலும் காய் பிடிக்காது. சாலட் இலை பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும். அதே சமயம் சாவி விதைத்து முப்பது முப்பத்தைந்து நாளில் அறுக்கலாம், கங்கோங், தண்டுக்கீரை இருபத்தைந்து முப்பது நாள். இதில் சூட்சுமம் ஒன்றுதான்: ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு பெட்டி. சனிக்கிழமை ராத்திரி கங்கோங் விதையை ஊறப்போட்டு ஞாயிறு காலையில் விதைக்கிறேன், ஐந்தாவது வாரத்திலிருந்து அறுப்பு நிற்பதே இல்லை. குலாய் மிளகாய் நட்டு இரண்டரை மாதத்தில் பறிக்க ஆரம்பித்து, மாதக் கணக்கில் காய்க்கும். ஜப்பான் வெள்ளரி வைத்தீர்களானால் தேனீ இல்லாமலே காய்க்கும் வகை விதையாகக் கேட்டு வாங்குங்கள், வலைக்குள் தேனீ வராது. பாகல், பீர்க்கு, பயத்தங்காய், வெண்டி இவற்றுக்குக் குடில் இடத்தை வீணாக்க வேண்டாம், வெளியே வேலியோரம் நன்றாக வரும். முருங்கை, கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி, வள்ளிக்கிழங்குக் கொழுந்து எல்லாம் எந்தக் கூரையும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் அம்மாவின் தட்டில் பாதியை நிரப்புவது வெளியே இருக்கும் இந்தச் செடிகள்தான். இவற்றை முதலில் வையுங்கள், குடிலை அப்புறம் யோசிக்கலாம்.

கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு எண்பதிலிருந்து நூறு ரிங்கிட் வரை காய்கறிச் செலவு மிச்சமாகிறது, அதில் உரத்துக்கும் விதைக்கும் இருபது போகும். போட்ட பணம் திரும்ப வர பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கூரைப் பிளாஸ்டிக்கை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும். காசு மிச்சம் பிடிக்க யாராவது குடில் போடச் சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்தது அம்மாவுக்காக, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இன்றைக்குத் தொடங்குவதாக இருந்தால் ஆறு அடிக்குப் பத்து அடியில் ஒரு மழைக்கூரை, வலை, பத்துப் பை மிளகாய், நான்கு பெட்டிக் கீரை, இதோடு ஒரு வருஷம் ஓட்டிப் பார்ப்பேன். தவுக்கேயிடம் குழாய் வாங்கி வெல்டிங் வைத்தால் 1,200 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு ஏப்ரலும் ஒரு நவம்பரும் அது தாங்கி நின்ற பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து குடிலைப் பார்க்கலாம், அளவு எடுத்துக்கொண்டு போகலாம். ஒட்டுக் கட்டுவதற்குச் சுண்டை நாற்றும் நிறைய இருக்கிறது, கேட்டால் கொடுக்கிறேன்.